கடலடி கண்ட ஹார்னெல்

மன்னார் வளைகுடாவின் அடியிலுள்ள பாறைத் திட்டுகளைத் தமிழர் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார், ஈழக் கரைக்கு எதிரே பெரிய பார் என ஒவ்வொரு திட்டுக்கும் பெயருண்டு. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடக்கும் இவற்றின் இயல்பை, மூச்சடக்கி மூழ்கிய குளியாளர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். அச்சொல்லை அப்படியே எடுத்து அறிவியல் நூல்களில் வழங்கியவருள் ஜேம்ஸ் ஹார்னெல் குறிப்பிடத்தக்கவர்.

1865இல் பிறந்த ஹார்னெல், ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவில் கடலுயிர் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். அக்காலத்தில் ஈழத்து முத்துக்குளித்துறை வறண்டு கிடந்தது. 1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கு முத்துக் குளிப்பே நிகழவில்லை. குளியாளரின் கூலி, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பார் வெறுமையானால் அவர்தம் அடுப்பும் வெறுமைதான். காரணம் அறிய அரசு லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902இல் அவருடன் வந்த ஹார்னெல், பேராசிரியர் சில திங்களில் ஊர் திரும்பிய பின்னும் இங்கேயே தங்கினார்.

முத்துச்சிப்பியை மட்டும் ஆராய்ந்தால் விடை கிடைக்காது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். கடலடியைச் சுரண்டி அள்ளும் வலைகளை இழுத்து, கடற்பஞ்சு, பவளம், உடுமீன், கடல் அட்டை, புழு, நத்தை என முதுகெலும்பற்ற உயிர்கள் அனைத்தையும் திரட்டினர். அவற்றைப் பல துறை அறிஞர்கள் ஆராய்ந்தெழுதிய அறிக்கை, 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. எந்த உயிர் எங்கு வாழும் என்பதைக் கடலடியின் தன்மையே பெரிதும் முடிவு செய்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. சிப்பி தன் நார்களால் பற்றிக்கொள்ள வன்மையான தளம் வேண்டும். மணலிலோ புழுக்களும் அவற்றைத் தின்னும் சங்கும் செழிக்கும்.

பெரிய பாரின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது. அங்கு இளஞ்சிப்பிகள் பலமுறை மிகுதியாகத் தோன்றின. ஆயினும் பறிக்கும் பருவம் வருமுன் மறைந்தன. தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அவற்றை அடித்துச் சென்றும் மணலால் மூடியும் அழித்ததாக ஆய்வாளர் கருதினர். இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுமாறு பரிந்துரைத்தனர்.

அவர்களுடைய முடிவுகள் எல்லாமே நிலைபெற்றன என்று கூற இயலாது. நாடாப்புழுவின் இளம்பருவமே முத்து விளையக் காரணம் என்றும், அப்புழு சிப்பியைத் தின்னும் திருக்கையின் உடலில் முதிர்கிறது என்றும் அவர்கள் எண்ணினர். அவ்வாறாயின் சிப்பியின் பகையே முத்தின் துணையாகிவிடும்! சுவையான இக்கருத்தைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. 1905இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளத்தை நம்பி மறு ஆண்டே இருபதாண்டுக் குத்தகை எடுத்த நிறுவனமோ பேரிழப்புக்கு ஆளானது. 1907க்குப் பின் 1925 வரை அப்பார்கள் முத்துக் குளிப்புக்கு இடம் தரவில்லை. பேராசைக்குக் கணக்கு எழுதக் கடல் ஒப்புவதில்லை போலும்.

1908இல் ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்தார். 1918 முதல் 1924 வரை அதன் இயக்குநராகவும் விளங்கினார். இக்காலத்தில் அவர் எழுதியவற்றுள் 1914இல் வெளியான சங்கு பற்றிய நூல் தனிச்சிறப்புடையது. சங்கு வாழும் மணற்பரப்புகளையும், ஆட்டுக்கொம்பு போல் முறுக்கிய அதன் முட்டைக்கூட்டையும் அதில் விளக்கினார். அவர் அத்துடன் நிற்கவில்லை. நம் கடலில் எடுத்த சங்கு வங்கத்தில் வளையலாக அறுக்கப்படும் தொழிலையும் ஆராய்ந்தார். அத்தொழில் பாண்டிய நாட்டில் முன்பே செழித்திருந்தமைக்குக் கொற்கையிலும் காயலிலும் கிடைத்த சங்குத் துண்டுகளைச் சான்றாகக் காட்டினார். விலங்கியலார் ஒருவர் நம் பழந்துறைகளின் மண்ணைக் கிளறிப் பார்த்தது வியப்புக்குரியது.

கட்டுமரம் முதலிய இந்தியக் கலங்களைப் பற்றி 1920இல் அவர் எழுதிய ஆய்வு இன்றும் பயில்வோர்க்குப் பயன்படுகிறது. ஓய்வுக்குப் பின் பசிபிக் தீவுகளின் படகுகளையும் ஆராய்ந்தார். 1949இல் மறைந்தார். அதன்பின் 1955இல் தூத்துக்குடிப் பார்கள் மீண்டும் சிப்பி தந்தன, குளியாளர்கள் மூழ்கினர். 1961உடன் அதுவும் நின்றது.