சௌந்தரம் அம்மா காட்டிய வழி

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் சின்னாளபட்டியைக் கடக்கும்போதெல்லாம் டாக்டர் சௌந்தரம் என் நினைவில் எழுவார். டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகளான அவர், இளவயதிலேயே கணவரை இழந்தார். வீட்டில் முடங்காமல் தில்லியில் மருத்துவம் பயின்றார். 1940இல் வேறு சமூகத்தவரான ஜி.ராமச்சந்திரனைக் காந்தியடிகளின் ஆசியோடு மணந்தார். 1947இல் இருவரும் காந்திகிராமத்தை நிறுவினர்.

அதற்கு இணையான பணியாக நான் கருதுவது, இம்மண்ணின் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளின் கல்விக்கு அவர் துணைநின்றதைத்தான். அந்தக் கிருஷ்ணம்மாளே பின்னாளில், கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சையில் போராடி, ஆயிரக்கணக்கான தலித் பெண்களை நில உரிமையாளர்கள் ஆக்கினார்.

சௌந்தரம் 1984இல் மறைந்தார். சாதி ஒழிய வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நாம், சாதி கடந்து ஒரு பெண்ணின் படிப்பையேனும் நம் பொறுப்பாக ஏற்றிருக்கிறோமா?