ஆதிதிராவிடர் தெருவும் எம்.சி.ராஜாவும்

ஜமுனாமரத்தூரிலிருந்து பேருந்தில் இறங்கி சமவெளிக்குப் படிக்க வரும் மலை மாணவர்கள், ஊர்களின் ஓரத்தில் 'ஆதிதிராவிடர் தெரு' என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். சென்னைப் புறநகர்களிலும் இந்தப் பெயர் உண்டு. ஒரு காலத்தில் இத்தகைய குடியிருப்புகள் அரசுத் தாள்களில் பறைச்சேரி என்றே எழுதப்பட்டன. அந்தப் பெயரை மாற்ற சட்டசபையில் எழுந்து நின்றவர் எம்.சி.ராஜா.

1883-ல் பரங்கிமலையில் பிறந்தவர். முழுப்பெயர் மயிலை சின்னத்தம்பி ராஜா. சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து ஆசிரியரானார். பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். 1916-ல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆதிதிராவிடர் என்பது அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுத்த பெயர் அல்ல. மக்கள் தாங்களே சூட்டிக்கொண்டு, பிறகு அரசை ஏற்க வைத்த பெயர்.

1922 ஜனவரி 20 அன்று சென்னை மாகாண சட்டசபையில் ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்றார். மார்ச் 25 அன்று அரசாணை வந்தது. பெயர் மாறியது, ஊர்த்தெரு திறக்கவில்லை. பொதுத்தெருவில் யாரும் நடக்கலாம் என்ற தீர்மானத்துக்கு 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் வர வேண்டியிருந்தது.

ராஜா 1923-ல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். 1932-ல் அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டு நின்றபோது, இவர் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்து கூட்டுத்தொகுதி பக்கம் போனார். அது நமக்கு இன்றும் உறுத்தலே. ஆனால் 1938-ல் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்து, ராஜாஜி அரசின் எதிர்ப்பால் தோற்றவரும் இவர்தான். 1943-ல் மறைந்தார்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றும் ஆணையும் அதே ஆண்டு வந்தது. மானத்துக்காக வாங்கிய பெயரே இன்று முகவரியில் சாதியைக் காட்டிக்கொடுக்கிறது. கல்லூரிப் படிவத்தில் அதை எழுதப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். மாற்றம் வேண்டியதுதான். ஆனால் அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்து பூப்பெயரோ நதிப்பெயரோ வைத்துவிட்டுப் போகக்கூடாது. அந்தத் தெருக்காரர்களைக் கிராம சபையில் கேட்க வேண்டும். சைதாப்பேட்டை மாணவர் விடுதிக்கு இருக்கும் எம்.சி.ராஜா பெயரை, நம் மாவட்டத்துத் தெரு ஒன்றுக்கும் அவர்கள் கேட்கலாம்.