ஒரு டாலருக்குப் போன கருவி

மதுரையிலோ நெல்லையிலோ ஊர்க்காரர் யாருக்காவது பெரிய ஆபரேஷன்னா, புதூர் பக்கத்துப் பசங்களுக்கு முதல்ல ஒரு போன் வரும். ரத்தம் குடுக்க வர்றியான்னு. அந்த ரத்தத் தேவையைக் குறைச்ச ஒருத்தரைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். பேரு வில்லியம் போவி. அவர் சர்ஜன் இல்லை, செடிகளைப் படிச்சவர்.

1882-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் தாவர உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே புற்றுநோய்க்கு ரேடியம் வைக்கிற ஆராய்ச்சியில் சேர்ந்தார். கட்டியை மின்சாரத்தால் வெட்டும் கருவி அங்கேதான் உருவானது.

நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பட்டால் தசை இழுக்கும், இதயம்கூட நிற்கலாம். ஒரு லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டினால் நரம்பும் தசையும் அதைக் கண்டுக்காது. சூடு மட்டும் பிறக்கும். இது போவிக்கு முன்பே தெரிந்த விஷயம். அவர் செய்தது, ஒரே பெட்டியில் ரெண்டு வேலை. அலையைத் தொடர்ச்சியா விட்டால் திசு வெட்டுப்படும். விட்டுவிட்டுக் கொடுத்தால் ரத்தக்குழாய் சுருங்கி அடைபடும். டியூட்டி சைக்கிள் படிச்ச உங்களுக்கு இது புரியும்.

1926 அக்டோபர் 1, பாஸ்டன். மூளை அறுவை மேதை ஹார்வி குஷிங், மூன்று நாள் முன்பு ரத்தம் நிற்காததால் பாதியில் விட்ட மண்டைக் கட்டியை, போவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த மாணவர் மயங்கி விழுந்தார் (நம்ம பசங்க தேவலை!). கட்டி வெளியே வந்தது.

பேர் குஷிங்குக்குப் போனது. போவி காப்புரிமையை ஒரே ஒரு டாலருக்கு ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். ஹார்வர்டிலும் நிலைக்கவில்லை. 1958-ல் வசதியில்லாமலே இறந்தார். எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

இப்போ மலக்குடல் புற்றுநோயை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும்போது இடுப்புக்குழிக்குள் கையை விட்டு அழுத்த வழியில்லை. அங்கே போவி வழியில் வந்த பைபோலார் இடுக்கிதான் கை. கரண்ட் அதன் ரெண்டு தாடைக்கு நடுவில் மட்டும் ஓடும். இதில் மேம்பட்ட வகைகள் 7 மில்லிமீட்டர் வரை உள்ள குழாயையும் ஒட்டி மூடும். ஆனா முதுகெலும்பின் அடியில், சாக்ரத்தை ஒட்டி ஓடும் சிரைகள் கிழிந்தால் சில நேரம் இந்தச் சூடும் எடுபடாது. பஞ்சை வைத்து அழுத்துவார்கள். அதுக்கும் நிற்கலைன்னா வயிற்றைத் திறப்பார்கள்.