காந்தி தங்கிய ஏரியாவின் எம்.பி., பெண்களுக்காகப் பதவியை விட்டுத் தோற்றவர்: யார் இந்த ஜார்ஜ் லான்ஸ்பரி?

1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போன காந்தி, நட்சத்திர ஓட்டல் எதிலும் தங்கவில்லை. கிழக்கு லண்டனில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த போ பகுதியில் (ஆமாம், ஊர் பேரே 'போ'தான்) கிங்ஸ்லி ஹால் என்ற சமூகக் கூடத்தில் தங்கினார். கிட்டத்தட்ட 12 வாரம் அங்கேதான் இருந்தார்.

அந்த நாட்களில்தான், அக்டோபர் 27-ம் தேதி, பிரிட்டன் பொதுத்தேர்தல் நடந்தது. முந்தைய தேர்தலில் 287 இடங்கள் பிடித்திருந்த தொழிலாளர் கட்சி வெறும் 52 இடங்களுக்குச் சுருண்டது. கட்சியோடு நின்ற முன்னாள் கேபினட் அமைச்சர்கள் வரிசையாகத் தோற்றார்கள். ஒருத்தர் மட்டும் தப்பித்தார். காந்தி தங்கியிருந்த 'போ அண்ட் பிராம்லி' தொகுதியின் எம்.பி., 72 வயது ஜார்ஜ் லான்ஸ்பரி.

அது அவருக்குப் பாதுகாப்பான தொகுதி, அதான் ஜெயிச்சார் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இதே தொகுதி 19 வருடங்களுக்கு முன்பு இதே மனிதரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது.

முதலில் ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லண்டனின் தென்கிழக்கில் இன்றைக்கு இருக்கும் வசதியான பிராம்லி வேறு. இந்த பிராம்லி, போ பகுதியை ஒட்டி லீ ஆற்றின் கரையில் இருப்பது. தீப்பெட்டித் தொழிற்சாலை, மரப்பட்டறைகள், தெற்கே கொஞ்ச தூரத்தில் கப்பல் துறை என்று முழுக்க உழைப்பாளிகளின் ஏரியா. 1888-ல் பிரிட்டனையே திரும்பிப் பார்க்க வைத்த தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்களின் வேலைநிறுத்தம் நடந்தது இங்கேதான்.

லான்ஸ்பரி இந்த ஊரில் பிறந்தவர் இல்லை. 1859-ல் சஃபோக் மாவட்டத்தில், ரயில்வே வேலை பார்த்தவரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் கிழக்கு லண்டனுக்கு வந்துவிட்டது. 1884-ல் மனைவி பெஸ்ஸி, குழந்தைகளோடு பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியா போனார். விளம்பரத்தில் சொன்ன சொர்க்கம் அங்கே இல்லை. அடுத்த வருடமே திரும்பிவிட்டார். பிறகு மாமனாரின் மரப்பட்டறையில் வேலை. அரசியலில் லிபரல் கட்சியின் தேர்தல் ஏஜென்ட்டாக ஆரம்பித்து, அது போதாது என்று சோசலிஸ்ட் பக்கம் வந்தார்.

1893-ல் ஏழைகள் நிவாரண வாரியத்தில் உறுப்பினரானார். வேலையற்றவர்களையும் முதியவர்களையும் அடைத்து வைக்கும் 'ஒர்க்ஹவுஸ்' என்ற இடம் அதன் பொறுப்பில் இருந்தது. அங்கே சாப்பாட்டையும் துணிமணியையும் மனிதர்களுக்கு ஏற்றதாக மாற்றுவதுதான் அவர் எடுத்த முதல் பெரிய வேலை. அவருடைய ஓட்டு வங்கி உருவான கதையை இங்கிருந்துதான் ஆரம்பிக்கணும் என்று தோன்றுகிறது.

ஆனால் எம்.பி. ஆவதற்கு 1910 டிசம்பர் வரை ஆனது. அந்த முறை லிபரல் கட்சி ஒதுங்கிக்கொள்ள, நேரடிப் போட்டியில் 863 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் லியோ அமெரி. வங்கப் பஞ்சத்தின்போது இந்தியா விவகார அமைச்சராக இருந்தாரே, அவரேதான்.

சரி, 1912-ல் என்ன நடந்தது?

ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போன பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசு குழாய் வழியாக வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியது. அவையிலேயே பிரதமர் ஆஸ்க்வித் முன்னால் போய் நின்று சண்டை போட்டதற்காக லான்ஸ்பரி சஸ்பெண்ட் ஆனார். பெண்களுக்கு ஓட்டு கிடைக்கும்வரை அரசின் எல்லா மசோதாக்களையும் எதிர்ப்போம் என்று சொந்தக் கட்சியை அழைத்தார். கட்சி மறுத்தது. உடனே எம்.பி. பதவியை விட்டுவிட்டு, அந்த ஒரே பிரச்சினையை வைத்து அதே தொகுதியில் இடைத்தேர்தலைச் சந்தித்தார்.

751 ஓட்டில் தோல்வி.

காரணம் ரொம்ப எளிமையானது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. அவர் யாருக்காகப் போட்டியிட்டாரோ அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆண்களிலும் எல்லோருக்கும் கிடையாது. ஒரே முகவரியில் 12 மாதம் இருந்தால்தான் பட்டியலில் பெயர் வரும் என்பதால், அடிக்கடி வீடு மாறும் ஏழைத் தொழிலாளர்கள் பலர் விடுபட்டுப் போனார்கள். போதாததற்கு, பிரசாரத்துக்கு வந்த பெண்கள் அமைப்புக்கும் உள்ளூர் தொழிலாளர் கட்சிக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. வாக்காளர்களை அழைத்துவரும் கார்களை யார் கையாள்வது என்பதில்கூடத் தகராறு.

1918-ல் ஓட்டுரிமை விரிந்தது. 21 வயதான ஆண்களுக்கும், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கும் ஓட்டு வந்தது. அப்போதும் லான்ஸ்பரி தோற்றார். முதல் உலகப்போரை எதிர்த்தவர் அவர். வெற்றிக் களிப்பில் இருந்த ஊரில் அது எடுபடவில்லை.

அப்புறம் எப்படி இது கோட்டையானது? பதில் 1921-ல் இருக்கிறது. போ பகுதி, பாப்ளர் என்ற உள்ளாட்சிக்குள் வந்தது. அங்கே வேலையின்மை உச்சத்தில் இருந்தது. அந்தந்த ஏரியாவின் ஏழைகளுக்கு அந்தந்த ஏரியாதான் வரி போட்டு உதவ வேண்டும் என்பது விதி. அதாவது, எங்கே ஏழைகள் அதிகமோ அங்கே வரியும் அதிகம். பணக்கார வெஸ்ட்மின்ஸ்டரில் சொற்ப வரியிலேயே கொட்டும் தொகையை எடுக்க, பாப்ளர்வாசிகள் பல மடங்கு கட்ட வேண்டும். இதற்கு மேல் லண்டன் கவுன்டி கவுன்சிலுக்கும் போலீசுக்கும் வேறு பங்கு தரணும்.

லான்ஸ்பரியும் சக கவுன்சிலர்களும் அந்தப் பங்கைத் தர மறுத்தார்கள். நீதிமன்றம் உத்தரவிட்டது, அதற்கும் மசியவில்லை. 30 கவுன்சிலர்கள் சிறைக்குப் போனார்கள், அவர்களில் 5 பேர் பெண்கள். சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடந்தது. ஹாலோவே சிறையில் இருந்த பெண் உறுப்பினர்களை அதற்காக பிரிக்ஸ்டன் சிறைக்குக் கூட்டிவந்தார்கள்! ஆறு வாரத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள், நிவாரணச் செலவின் பெரும் பகுதியை லண்டன் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் சட்டமும் வந்தது. ஆனால் லான்ஸ்பரியின் மருமகள் மின்னி, சிறையிலிருந்து வந்த சில வாரங்களில் நோயுற்று 1922 ஜனவரி 1 அன்று இறந்தார். வயது 32.

அந்த வருட நவம்பர் தேர்தலில் லான்ஸ்பரியின் வெற்றி வித்தியாசம் கிட்டத்தட்ட 7 ஆயிரம். அதன் பிறகு அவர் அங்கே தோற்கவே இல்லை.

தொகுதியைப் பற்றிக் கவலையில்லாத எம்.பி. வெளிவேலைகளில் இறங்க முடியும். சென்னை அடையாறில் இருந்த அன்னி பெசன்ட் முன்னெடுத்த இந்தியத் தன்னாட்சி மசோதாவை 1925-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் இவர்தான். மசோதா நகரவில்லை என்பது வேறு விஷயம். 1929-ல் அமைச்சரானதும் ஹைட் பார்க் ஏரியில் பொதுமக்கள் குளிக்க இடம் ஏற்பாடு செய்தார். இன்றும் அது இருக்கிறது.

1931-ல் மிஞ்சிய 52 பேரில் அனுபவசாலி என்று பார்த்தால் இவர்தான். அடுத்த வருடம் கட்சித் தலைவரானார். பக்கத்து லைம்ஹவுஸ் தொகுதியில் 551 ஓட்டில் தப்பித்திருந்த கிளெமென்ட் அட்லி துணைத் தலைவர். இந்திய சுதந்திரத்தின்போது பிரதமராக இருந்த அதே அட்லி.

லான்ஸ்பரி எந்தப் போரையும் ஏற்காதவர். 1935-ல் அபிசீனியாவைப் பிடிக்க இத்தாலி கிளம்பியபோது, அதற்கு எதிராகப் பொருளாதாரத் தடைகூட வேண்டாம், அது போரில் முடியும் என்றார். கட்சி மாநாட்டில் தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவின் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். பதவி விலகினார். 1937-ல் ஹிட்லரையும் முசோலினியையும் நேரில் பார்த்துப் பேசி, அமைதி சாத்தியம் என்று நம்பித் திரும்பினார். இன்று படிக்கும்போது அந்த அப்பாவித்தனம் பதற வைக்கிறது. போ மக்கள் என்னவோ 1935 தேர்தலிலும் அவரையே அனுப்பினார்கள். கட்சி ஒதுக்கிய கொள்கைக்காரரை, அந்தக் கொள்கை தெரிந்தே.

1940 மே 7 அன்று, 81 வயதில், எம்.பி.யாகவே இறந்தார். அடுத்த மாத இடைத்தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு எதிராக நின்றது ஒரு கம்யூனிஸ்ட் வேட்பாளர் மட்டும்தான். ஜெயித்த சார்லஸ் கீ, 1921-ல் சிறைக்குப் போன கவுன்சிலர்களின் கூட்டாளி. 1950-ல் தொகுதி மறுவரையறையில் போ அண்ட் பிராம்லி என்ற பெயர் நாடாளுமன்றப் பட்டியலிலிருந்து மறைந்தது.