ரீகாவின் மந்திரவாதி

சதுரங்கம் ஆடும் பிள்ளைகளே, ஆட்டம் டிராவில் முடிந்தால் உங்கள் முகம் வாடிவிடும், இல்லையா? ஆனால், சதுரங்கப் பிரியர்கள் இன்றும் காய்களை அடுக்கி ஆடிப் பார்த்து ரசிக்கும் ஒரு டிரா ஆட்டம் உண்டு. அதை ஆடியவர்களில் ஒருவர் மிகைல் தால்.

லாத்வியா நாட்டின் ரீகா நகரில், 1936 நவம்பர் 9-ம் தேதி பிறந்தார் தால். அப்பா மருத்துவர். பிறவியிலேயே தாலின் வலது கையில் மூன்று விரல்கள்தான். அந்தக் கையோடு பியானோவும் வாசித்தார்! சிறுநீரக நோயும் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. இலக்கியம் படித்துவிட்டு, சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். இதில் என் போன்ற வாத்தியார்களுக்குத் தனிப் பெருமை!

குதிரை, யானை என்று பாராமல் வெட்டுக்குக் கொடுத்துவிட்டு, எதிராளியின் ராஜாவைத் துரத்துவதுதான் தாலின் பாணி. 1960-ல் போத்வின்னிக்கை வென்று, 23 வயதிலேயே உலக சாம்பியன் ஆனார்.

அதே ஆண்டு, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒலிம்பியாட் போட்டி நடந்தது. சோவியத் அணிக்காக ஆடிய தாலின் எதிரே அமர்ந்தவர் அமெரிக்காவின் பாபி ஃபிஷர். வயது 17. முந்தைய ஆண்டு ஒரே போட்டியில் தாலிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்தவர். சும்மா விடுவாரா?

கறுப்புக் காய்களுடன் தால் ஆடியது 'பிரெஞ்சு தற்காப்பு'. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்குவது இந்த முறை. பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால், அன்று ஆட்டம் போன வழி கத்திமேல் நடப்பதுபோல! ஃபிஷரின் ராணி உள்ளே புகுந்து இரண்டு சிப்பாய்களை விழுங்கியது. தால் பதிலுக்கு நடுக்களத்தை உடைத்தார். இரண்டு பக்கமும் காய்கள் மளமளவென்று விழுந்தன. தாலின் கடைசி யானை, ஃபிஷரின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே பாய்ந்து செக் வைத்தது. பிறகு அந்த யானையை ராஜாவே வெட்டியது. தால் தோற்றுவிட்டாரா? இல்லை! 21-வது நகர்த்தலில் ராணியால் செக். ராஜா எங்கே ஒதுங்கினாலும் மறுபடி செக், மறுபடி செக். இதற்கு முடிவேது? ஆட்டம் டிரா!

மறு ஆண்டே தால் பட்டத்தை இழந்தார். 1962-ல் குராசோ தீவில் நடந்த போட்டியில் நோய் முற்றி, பாதியில் விலகி மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே அவரைத் தேடிவந்து பார்த்தார் ஒரு போட்டியாளர். யார் தெரியுமா? அதே பாபி ஃபிஷர்! அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது.

1969-ல் தாலின் ஒரு சிறுநீரகத்தை அகற்றினார்கள். அதற்குப் பிறகுதான், 1973-74-ல், 95 ஆட்டங்களைத் தோல்வியே இல்லாமல் ஆடினார்! அவற்றில் 49 டிரா.

1992 மே மாதம், மாஸ்கோவில் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து மின்னல்வேகச் சதுரங்கப் போட்டியில் ஆடினார் தால். அதில், அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தார். அடுத்த மாதம் 28-ம் தேதி காலமானார்.