2 நோபல் வாங்கியவர் சொன்ன வைட்டமின் சி கணக்கு... நாமும் ஃபாலோ பண்ணலாமா?

லேசா தும்மல் வந்ததுமே புளிப்பா இருக்கிற அந்த வைட்டமின் சி மாத்திரையை வாயில போட்டுச் சப்புற ஆளா நீங்க? அப்போ லைனஸ் பாலிங் பத்தி நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1901-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் பிறந்தவர் பாலிங். மருந்துக்கடை வைத்திருந்த அப்பா, இவருக்கு 9 வயதிருக்கும்போதே இறந்துவிட்டார். கஷ்டப்பட்டுப் படித்து, அணுக்கள் எப்படிப் பிணைந்து மூலக்கூறு ஆகின்றன என்று ஆராய்ந்ததற்காக 1954-ல் வேதியியல் நோபல் வாங்கினார். அணுகுண்டு சோதனைகளுக்கு எதிராகப் போராடியதற்காக 1962-ம் ஆண்டின் அமைதி நோபலும் கிடைத்தது. யாரோடும் பங்கு போடாமல் இரண்டு நோபல் வாங்கிய ஒரே ஆள் இன்றுவரை இவர்தான்.

1966-ல் இர்வின் ஸ்டோன் என்பவர் எழுதிய கடிதம் பாலிங்கின் பாதையை மாற்றியது. அதைப் படித்துவிட்டு தினமும் 3 கிராம் வைட்டமின் சி சாப்பிட ஆரம்பித்தார். சளி பிடிப்பது குறைந்ததாக நம்பினார். 1970-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுத, மாத்திரை விற்பனை எகிறியது. பிற்காலத்தில் அவர் எடுத்துக்கொண்டது தினமும் 18 கிராம். அதாவது, 500 மி.கி மாத்திரை 36!

ஆனா, ஆய்வுகள் சொன்னது வேற. தினமும் சாப்பிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு சளி பிடிப்பது குறையவில்லை. சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு சுமார் 8%, குழந்தைகளுக்கு சுமார் 14% குறைந்தது. சளி பிடித்த பிறகு சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள் மாதிரி உடலை வருத்துகிறவர்களுக்கு மட்டும்தான் சளி வரும் வாய்ப்பு பாதியானது.

சரி, எவ்வளவு வரைக்கும் பாதுகாப்பு? அமெரிக்க நிபுணர்கள் வகுத்த ஒரு நாள் உச்ச வரம்பு இது:

* 1-3 வயது: 400 மி.கி
* 4-8 வயது: 650 மி.கி
* 9-13 வயது: 1,200 மி.கி
* 14-18 வயது: 1,800 மி.கி
* பெரியவர்கள்: 2,000 மி.கி

இது தாண்டக் கூடாத எல்லைதான். தினமும் இவ்வளவு சாப்பிடணும்னு அர்த்தமில்லை. தாண்டினா வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவங்க, ரத்தத்தில் இரும்புச்சத்து அதிகமா சேரும் பிரச்னை இருக்கிறவங்க, ஜி6பிடி குறைபாடு உள்ளவங்க டாக்டரைக் கேட்காம அதிக டோஸைத் தொடவே வேண்டாம். ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நீங்களா மாத்திரை, டிராப்ஸ் எதுவும் கொடுக்காதீங்க. வீட்டுல குட்டீஸ் இருந்தா, மிட்டாய்னு நினைச்சு எடுத்துச் சாப்பிடாத மாதிரி டப்பாவை உயரத்துல வைங்க.

பாலிங் 1994-ல், 93 வயதில் புற்றுநோயால் இறந்தார். அத்தனை வருஷம் வாழ்ந்ததுக்குக் காரணம் மாத்திரைதான்னு ஒரே ஒருத்தர் வாழ்க்கையை வெச்சு சொல்லிட முடியாது. எவ்ளோ பெரிய மேதை சொன்னாலும் சோதிச்சுப் பார்க்கிறதுதானே அறிவியல்! 100 கிராம் கொய்யாவிலேயே 200 மி.கி-க்கு மேல வைட்டமின் சி இருக்கு. அடுத்த முறை மெடிக்கல் ஷாப் போறதுக்கு முன்னாடி பழக்கடைப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க!