இராஜரத்தினத்தின் தோடி

சொல்லுக்குப் பொருள் கூறுவதே எம் போன்றோர் தொழில். பதவுரையும் பொழிப்புரையும் சொல்லியே தலை நரைத்த ஓர் ஆசிரியன், சொல்லே இல்லாத ஒன்றற்குப் பொருள் காணப் புகுந்தால் கேட்போர் நகைக்கக்கூடும். ஆயினும் இளமையிலேயே என்னைப் பற்றிக்கொண்ட ஐயம் ஒன்று உண்டு.

கந்தப்பளையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நாட்களில், பனிமூட்டம் விலகாத வைகறையில், ஒலிபெருக்கியில் ஒரு நாயனம் எழும். தேயிலை மலைகளின் மடிப்புகளில் மோதி, லயங்களின் தகரக் கூரைகளின்மேல் அது படரும். தண்ணீர் எடுக்கச் சென்ற பெண்கள் பீலியடியிற் சற்றே நின்று கேட்பர். என் பாட்டியார் அதனைக் கேட்குந்தோறும் கண்கலங்குவார். கடல் கடந்து வந்து இம்மலைகளில் மண்ணாகிப் போனவர்களை எண்ணி அந்த நாயனம் அழுகிறது என்பது அவர் கொண்ட பொருள். அவரை எழுத்தறியாதவர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. பெரட்டுக்கு அழைக்கும் தப்பு எது, சாவீட்டுத் தப்பு எது என அடியைக் கேட்ட அளவிலேயே அறிந்த செவி அவருடையது.

அந்த இசை திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடி என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அவர்தம் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அது அழுகைதானா என்னும் ஐயம் வலுத்தது.

அவர் 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 ஆம் நாள் பிறந்தார். இளமைப் பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனாராகிய திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்து நாகசுர வித்துவான்; சிறுவரைத் தம் மகவாக ஏற்றவரும் அவரே. ஆயினும் பிள்ளை முதலிற் பயின்றது நாயனம் அன்று, வாய்ப்பாட்டு. பிடில் வித்தையில் பெரும்புகழ் பெற்ற திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டுப் பயின்ற பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரம் கற்றார். இவ்வரிசையைச் சிறு செய்தி என்று கொள்ளலாகாது. பாடத் தெரிந்த ஒருவன் ஊதும்போது, அவன் உள்ளத்தில் முதலில் எழுவது குரல். விரலும் மூச்சும் அதன் ஏவலைச் செய்வன. அவருடைய நாயனம் பேசுவதுபோல் இருக்கிறது என்று பாமரரும் உணர்வதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அக்காலத்து நாகசுரம் பெரிதும் திமிரி எனப்படும் குறுநாயனம். கோயில் வீதியில் நெடுந்தொலைவு கேட்கவேண்டிய கருவியாதலின் அதன் சுருதி உயர்ந்தது, ஒலி கூரியது. இராஜரத்தினமோ நீண்ட பாரி நாயனத்தை நாடினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரியின் கைத்திறத்தால் உருவான அந்நெடுங்கருவி, மனிதக் குரல் இயங்கும் தாழ்ந்த சுருதிக்கு இறங்கிவந்தது. தனக்கென உரிய ஒத்தையும் விடுத்துத் தம்பூராவைப் பின்னணியாகக் கொண்டார். இன்று மேடைதோறும் பாரி நாயனத்தையே காண்கிறோம்; அதனை நிலைநிறுத்திய பெருமையில் அவருக்கே பெரும்பங்கு உண்டு.

நாயனக்காரரின் நிலை அந்நாளில் யாது? மார்பில் துணியின்றி, மேலாடையை இடுப்பிற் கட்டி, செல்வர் முன் நின்றே வாசிக்கவேண்டும். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கவேண்டும். பாடகரும் பிடில்காரரும் அமரும் மேடை அவருக்கு உரியதன்று. இறைவன் திருமுன் முதல் ஒலியை எழுப்பும் கலைஞன் மனிதர் அவையிற் கடையனாக நின்றான். இராஜரத்தினம் இதற்கு உடன்படவில்லை. மேடையில் அமர்ந்து கச்சேரி செய்தார். தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார், கோட்டும் செர்வானியும் அணிந்தார். செருக்கு என்றனர் சிலர். செருக்கும் இருந்திருக்கலாம், அவர் எளிதிற் பழகத்தக்க இயல்பினர் அல்லர், ஈட்டிய பொருளைப் போற்றவும் அறியாதவர். ஆனால் ஓர் இனத்தாரின் முதுகெலும்பு நிமிரவேண்டிய காலத்தில், முதலில் நிமிர்பவனிடம் பணிவை எதிர்பார்த்தல் நேர்மையாகுமா?

1940 இல் காளமேகம் என்னும் திரைப்படத்தில் அப்புலவராகவே நடித்தார். சிலேடைச் சொல்லால் வாழ்ந்த புலவர் வேடத்தைச் சொல்லற்ற கருவியால் வாழ்ந்தவர் ஏற்றது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கையாகவே தோன்றும். 1947 ஆகஸ்டில், இந்திய விடுதலையை ஒட்டித் தில்லி சென்ற திருவாவடுதுறை ஆதீனத்தாருடன் சென்று நாகசுரம் வாசித்தவரும் அவரே. 1955 இல் சங்கீத நாடக அக்காதெமியின் விருது கிடைத்தது. மறு ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இனித் தோடிக்கு வருவோம். எட்டாவது மேளமாகிய இவ்விராகத்தின் உயிர் அதன் காந்தாரத்தில் இருக்கிறது. அச்சுரம் ஓரிடத்தில் நில்லாது, கீழும் மேலும் அசைந்தே தன் இருப்பைக் காட்டும். அந்த அசைவையே விம்மல் என்று செவி எடுத்துக்கொள்கிறது. பாட்டியார் கேட்டதும் அதனையே. ஆனால் இராஜரத்தினம் அதனை எவ்வாறு கையாள்கிறார் என்று கூர்ந்து கேட்கவேண்டும். விம்முவோன் மூச்சுத் தடுமாறும். இவர் மூச்சோ தடுமாறுவதில்லை. காந்தாரத்தில் நெடிது தங்குகிறார். பஞ்சமத்தைத் தொடாமலே மத்திமத்திலிருந்து தைவதத்துக்குத் தாவுகிறார். பின் எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து பிருகாக்கள் அருவியென இறங்கி, தாம் கருதிய சுரத்தில் அணுவும் பிசகாது வந்து நிற்கின்றன. கோயில் இரவுகளில் மணிக்கணக்காக விரித்த இராகத்தை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே கொள்ளும் இசைத்தட்டில் அடக்கியபோதும் அவரிடம் அவசரம் இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அழுகை பிறக்கும் களன்களுள் இளிவும் இழவும் உள. பெருமிதத்துக்கு உரியனவாகக் கல்வியையும் தறுகண்மையையும் கொடையையும் கூறி, அவற்றோடு இசைமையையும் வைத்தார். இசைமை அங்கே புகழ் என்னும் பொருளது. எனினும் இசைவாணர் ஒருவரின் வரலாற்றைப் படித்தபின் அச்சொல்லை ஒரு பொருளோடு நிறுத்த மனம் வரவில்லை. அத்தோடியிற் கேட்பது பெருமிதம் என்றே துணிந்தேன். இளிவையும் இழவையும் நன்கறிந்த ஒருவனின் பெருமிதமாதலால், அழுகையின் ஈரம் அதிற் காயாமலே இருக்கிறது. பாட்டியார் ஈரத்தைத் தொட்டறிந்தார்; அஃது எதன்மேற் படிந்திருந்தது என்பதை அறிய எனக்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அண்மையில் மெய்ப்பாட்டியல் பாடத்தின்போது, பெயரும் வரலாறும் கூறாமல், அத்தோடியை மாணவர்க்குக் கேட்பித்தேன். ஒருவன் சாமி புறப்படுகிறது என்றான். மற்றொருவன் சாவீடு என்றான். கொழுந்தெடுக்கும் தாயின் மகளாகிய ஒரு மாணவி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், துரையின் முன்னே கைகட்டாமல் நின்று ஒருவர் தம் வழக்கைச் சொல்வதுபோல் இருக்கிறது என்றாள். மறுபக்கத்தையும் கேட்பிக்குமாறு வகுப்பினர் வேண்டினர். கேட்பித்தேன்.